எழுத்தாளர் பேசுகிறார், எடிட்டர் திருத்துகிறார்



கதை படிக்க நேரமில்லை என்பவர்கள்கூட எழுத்தாளரின் பேட்டி என்றால் படித்துவிடுகிறார்கள். காலையில் எழுதுவாரா, இரவிலா? பேனாவா, தட்டச்சா? எத்தனை முறை திருத்துவார்? பதிப்பகம் எத்தனை முறை திருப்பி அனுப்பியது? எல்லாம் பழகிய கேள்விகள்தாம். ஆனாலும் ஆர்வம் குறைவதில்லை. எழுத வரும் இளைஞருக்கு அதில் பாடம் இருக்கிறது. வாசகருக்கோ விருந்து வீட்டின் அடுக்களையை எட்டிப் பார்க்கிற சுகம்.

அந்த அடுக்களையில் எழுத்தாளர் ஒருவர்தான் நிற்கிறாரா என்பதே இன்றைய பேச்சு. பேட்டியில் எழுத்தாளர் பேசுகிறார். அந்தப் பேச்சை வெட்டி, ஒட்டி, வரிசைப்படுத்தி அச்சுக்கு அனுப்புகிறவர் இன்னொருவர். எழுத்தாளர் பேசும் நாவலுக்குப் பின்னாலும் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவரைத் தேடிப் போனால் நவீன இலக்கியத்தின் சில நல்ல கதைகள் கிடைக்கின்றன.

இலக்கியப் பேட்டி இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வந்த இடம் பாரிஸ், ஆண்டு 1953. அந்த வசந்தகாலத்தில் 'பாரிஸ் ரிவ்யூ' என்ற ஆங்கிலக் காலாண்டிதழின் முதல் இதழ் வந்தது. தொடங்கியவர்கள் பாரிஸில் குடியிருந்த அமெரிக்க இளைஞர்களான பீட்டர் மாத்திசனும் ஹரால்ட் ஹ்யூம்ஸும். ஆசிரியராக அவர்கள் அழைத்துவந்தவர் ஜார்ஜ் பிளிம்டன். கரான்சியேர் தெருவில் ஒரு பிரெஞ்சுப் பதிப்பகம் கொடுத்த சின்ன அறைதான் அலுவலகம். மாத்திசன் அப்போது சி.ஐ.ஏ.வுக்கு வேலை பார்த்தார், பத்திரிகை அதற்கு ஒரு போர்வையாகப் பயன்பட்டது என்பது பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்து, அவரும் ஒப்புக்கொண்ட செய்தி. அது தனிக் கதை.

முதல் இதழில் வில்லியம் ஸ்டைரன் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அன்றைய இலக்கிய இதழ்களில் கதைகளைவிடக் கதைகளைப் பற்றிய கட்டுரைகளே அதிகம் வந்துகொண்டிருந்தன. இந்தப் பத்திரிகை கதைக்கும் கவிதைக்கும் முன்வரிசை தரும், விமர்சனம் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கொள்கை நன்றாகத்தான் இருந்தது. கையில்தான் காசில்லை. பேர்பெற்ற எழுத்தாளரிடம் கதை வாங்கினால் அவருடைய தகுதிக்குச் சன்மானம் தரவேண்டும். பேட்டிக்கு அது வேண்டாம், அட்டையில் பெயரும் போட்டுக்கொள்ளலாம். நாவலைப் பற்றி விமர்சகர் சொல்வதைக் கேட்பதற்குப் பதில் நாவலாசிரியரையே கேட்டுவிடலாம் என்ற இலக்கியக் காரணமும் இந்தப் பொருளாதாரக் காரணமும் சேர்ந்து பிறந்ததுதான் 'புனைகதைக் கலை' என்ற பேட்டி வரிசை. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

முதல் பேட்டி இ.எம். ஃபார்ஸ்டருடையது. பிளிம்டன் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் படித்தவர், ஃபார்ஸ்டர் தங்கியிருந்ததும் அதே கல்லூரியில். 1952 ஜூனில் பி.என். ஃபர்பேங்க், ஃபிரான்சிஸ் ஹாஸ்கெல் என்ற இரு இளைஞர்கள் அவரைப் போய்ப் பார்த்தார்கள். ஃபர்பேங்க் பின்னாளில் ஃபார்ஸ்டரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார், ஹாஸ்கெல் பெயர்பெற்ற கலை வரலாற்றாசிரியர் ஆனார். அவர்கள் போனபோது ஃபார்ஸ்டர் நாவல் வெளியிட்டு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1924இல் வந்த 'எ பாஸேஜ் டு இந்தியா'தான் கடைசி. 1970இல் இறக்கும்வரை இன்னொன்று வரவில்லை. வெகுகாலத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்த 'மாரிஸ்' அவர் மறைந்த பிறகு 1971இல்தான் அச்சேறியது.

முதல் பேட்டிக்கு, எழுதுவதை நிறுத்திவிட்ட ஒரு நாவலாசிரியர்! கேட்டவர்கள் சாமர்த்தியசாலிகள். பாதியில் கைவிட்ட 'ஆர்க்டிக் சம்மர்' நாவலிலிருந்து தொடங்கி, ஏன் முடிக்கவில்லை என்று கேட்டார்கள். முன்கூட்டித் தீர்மானித்திருக்க வேண்டிய ஒரு முக்கிய நிகழ்ச்சி அந்த நாவலுக்கு அமையவில்லை என்பது ஃபார்ஸ்டரின் விளக்கம். அதே பேச்சில், இந்தியா பற்றிய நாவலைத் தொடங்கும்போது மராபர் குகைக்குள் முக்கியமான ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்பது மட்டும் தெரியும், என்ன நடக்கும் என்பது தெரியாது என்றும் சொன்னார். நாவலைப் படித்தவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும். குகைக்குள் உண்மையில் என்னதான் நடந்தது என்று வாசகர் நூறாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுதியவரும் ஒரு கட்டத்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பேட்டி எடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. தொடக்க காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி பழக்கத்தில் இல்லாததால் பெரும்பாலும் இரண்டு பேராகப் போனார்கள். பதில் வரும்போது இருவருமே வேகவேகமாகக் குறிப்பெடுப்பார்கள். பிறகு உட்கார்ந்து இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். சிதறிக் கிடப்பதைப் பொருள்வாரியாக அடுக்குவார்கள். தட்டச்சுப் பிரதி எழுத்தாளருக்கே போகும். அவர் அடிப்பார், சேர்ப்பார், மாற்றுவார். அச்சில் நாம் படிக்கும் சரளமான உரையாடல் இத்தனை கைகளைத் தாண்டி வந்தது. இந்த முறையை விளக்கி, முதல் பேட்டித் தொகுப்புக்கு 1958இல் முன்னுரை எழுதியவர் மால்கம் கௌலி. வைக்கிங் பதிப்பகத்தின் எடிட்டர்.

கௌலியின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துப் பேசவேண்டிய வில்லியம் ஃபாக்னரின் கதையில் அவர் வருகிறார்.

ஃபாக்னரை 1956இல் பேட்டி கண்டவர் ஜீன் ஸ்டைன் என்ற இளம்பெண். எழுத்தாளனுக்கு வேண்டிய சாமான்கள் என்று ஃபாக்னர் கொடுத்த பட்டியல் காகிதம், புகையிலை, சாப்பாடு, கொஞ்சம் விஸ்கி என்பதோடு முடிந்துவிடுகிறது. 'ஆஸ் ஐ லே டையிங்' நாவலை ஆறு வாரத்தில் எழுதிய கதையும் அதில் வருகிறது. 1929 அக்டோபர் இறுதியில் தொடங்கி டிசம்பர் 11இல் முடித்ததாகக் கையெழுத்துப் பிரதியிலேயே தேதி இருக்கிறது. அப்போது அவருக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை.

ஆனால் அந்தப் பேட்டியின் மையம் வேறு நாவல். 'தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' ஒரு காட்சியிலிருந்து பிறந்தது என்கிறார். ஒரு சிறுமி பேரிக்காய் மரத்தில் ஏறியிருக்கிறாள், அவளுடைய உள்ளாடையில் சேறு, அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பாட்டியின் சாவுச் சடங்கைப் பார்க்கிறாள், கீழே நிற்கும் சகோதரர்களுக்குச் சொல்கிறாள். இதை முதலில் மனவளர்ச்சி குன்றிய சகோதரனின் வாயால் சொல்லிப் பார்த்தார். சரிவரவில்லை. இரண்டாவது சகோதரன், மூன்றாவது சகோதரன் என்று போய், நான்காவது முறை தாமே சொன்னார். அப்படியும் நிறைவில்லை. நாவல் வெளியாகிப் பதினைந்து ஆண்டு கழித்து ஐந்தாவது முறையாக ஒரு பின்னிணைப்பு எழுதினார்.

அந்த ஐந்தாவது முயற்சியை அவரிடம் கேட்டு வாங்கியவர் கௌலி. 1940களின் நடுவில் ஃபாக்னரின் புத்தகங்கள் ஏறக்குறைய எல்லாமே அச்சில் இல்லாமல் போயிருந்தன. ஹாலிவுட்டுக்குத் திரைக்கதை எழுதித்தான் குடும்பம் நடத்தினார். கௌலி அவருக்குக் கடிதம் எழுதினார். சிதறிக் கிடக்கும் கதைகளும் நாவல்களும் யோக்னபதாபா என்ற ஒரே கற்பனை மாவட்டத்தின் தொடர் வரலாறு, அவற்றைக் கால வரிசையில் கோத்து ஒரே புத்தகமாகக் காட்டலாம் என்றார். அப்படி 1946இல் வந்தது 'தி போர்ட்டபிள் ஃபாக்னர்'. காம்ப்சன் குடும்பத்தைப் பற்றிய அந்தப் பின்னிணைப்பு அதற்காகவே எழுதப்பட்டது. அதன் பிறகு அமெரிக்கா ஃபாக்னரைத் திரும்பிப் பார்த்தது. 1949ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வந்தது. பரிசுக்கு ஒரு தொகுப்பு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பிரான்சில் அவருக்கு ஏற்கெனவே தீவிர வாசகர்கள் இருந்தார்கள். ஆனால் சொந்த நாட்டில் அவரை மீண்டும் புத்தகக் கடைக்குக் கொண்டுவந்தது ஒரு எடிட்டரின் கடிதப் போக்குவரத்து.

ஹெமிங்வே கதை வேறு மாதிரி. எழுத்தைப் பற்றிப் பேசினால் எழுத்து கெட்டுவிடும் என்று நினைத்தவர் அவர். அவரை மடக்கிப் பேசவைக்க பிளிம்டனுக்கு ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. பேட்டி 1958இல் வெளியானது. அதன் முன்னுரை ஹவானாவுக்கு வெளியே இருந்த அவருடைய வீட்டுப் படுக்கையறையை அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறது. புத்தக அலமாரியின் மேற்பரப்புதான் மேஜை, அதன்மேல் தட்டச்சுப் பொறி. நின்றுகொண்டுதான் எழுதுவார், காலடியில் தேய்ந்துபோன மான்தோல். முதலில் மெல்லிய தாளில் பென்சில். உரையாடல் போன்ற பகுதிகள் வேகமாக வரும்போது தட்டச்சு. சுவரில் மாட்டிய மான் தலைக்குக் கீழே, அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்துச் செய்த ஒரு அட்டவணையில் அன்றன்று எழுதிய சொற்களின் கணக்கு: 450, 575, 462, 1250, மறுபடி 512. மறுநாள் மீன்பிடிக்கப் போகவேண்டும் என்றால் முதல் நாளே கூடுதலாக எழுதிவைத்துவிடுவார், குற்ற உணர்வு இல்லாமல் படகேறலாம் அல்லவா?

'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை முப்பத்தொன்பது முறை திருத்தி எழுதியதாக அந்தப் பேட்டியில் சொல்கிறார். அப்படி என்ன சிக்கல் என்று பிளிம்டன் கேட்க, சொற்கள் சரியாக அமைவதுதான் என்று பதில் வருகிறது. எழுத்தாளர்கள் இப்படி ஏதாவது எண் சொல்வார்கள், யார் போய் எண்ணிப் பார்ப்பது என்று தோன்றும். எண்ணியே பார்த்துவிட்டார்கள். அவருடைய காகிதங்கள் பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் இருக்கின்றன. 2012இல் ஸ்கிரிப்னர் பதிப்பகம் அந்த நாவலுக்கு ஒரு புதுப் பதிப்பு கொண்டுவந்தபோது பேரன் ஷான் ஹெமிங்வே வெவ்வேறு முடிவுகளைத் தொகுத்தார். மொத்தம் 47. தாத்தா குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

இதில் இன்னொன்றும் உண்டு. பேட்டியின் பதில்கள் பலவற்றை ஹெமிங்வே வாயால் சொல்லவில்லை. அதே அலமாரி மேல் வைத்து எழுதிக் கொடுத்தார் என்று பிளிம்டனே பதிவு செய்கிறார். கடைசிப் பக்கத்தை அத்தனை முறை மாற்றியவர், தம் பதிலை முதல் தடவை வாயில் வந்தபடி விட்டுவிடுவாரா?

விளாதிமிர் நபகோவ் இன்னும் கறாரானவர். 1967இல் வந்த அவருடைய பேட்டிக்கு, கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் இடத்துக்கு வந்திருந்த ஹெர்பர்ட் கோல்ட் கேள்விகளை முன்கூட்டியே தபாலில் அனுப்பினார். சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகருக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஒரு உறை காத்திருந்தது. கேள்விகளைக் குலுக்கி மாற்றி, பதில்களோடு முழுப் பேட்டியையும் நபகோவே தயாரித்து வைத்துவிட்டார். நாவலைக்கூடச் சிறுசிறு அட்டைகளில் எழுதி, வேண்டியபடி அடுக்கி மாற்றுகிற மனிதர் அவர்.

பாத்திரங்கள் சில சமயம் தம் கையை மீறிப் போய்விடுவதாக ஃபார்ஸ்டர் முன்பு சொல்லியிருந்தார் அல்லவா, அது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கோல்ட் கேட்கிறார். நபகோவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. தம்முடைய பாத்திரங்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்று வெட்டிவிட்டு, ஃபார்ஸ்டரின் ஆட்கள் அந்த இந்தியப் பயணத்திலிருந்து தப்பிக்கப் பார்த்திருந்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதே என்று ஒரு குத்தும் வைக்கிறார். பதினான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே பத்திரிகையில் வந்த இரு பேட்டிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொள்கின்றன. இந்த வரிசையைத் தொடர்ந்து படிப்பவருக்குக் கிடைக்கும் பெரிய இன்பம் இதுதான்.

எடிட்டரின் பங்கு பற்றிக் கேட்டபோது, மெய்ப்புத் திருத்துபவரைத்தானே சொல்கிறீர்கள் என்றார் நபகோவ். யோசனை சொல்லத் துணிந்த எடிட்டர்களுக்கு, 'இருந்தபடியே இருக்கட்டும்' என்ற மெய்ப்புக் குறியை இடிமுழக்கமாகத் திருப்பி அனுப்பியதாகவும் பெருமைப்பட்டுக்கொண்டார். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அவருடைய 'லோலிடா'வை அமெரிக்கப் பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக மறுத்து, 1955இல் அது பாரிஸின் ஒலிம்பியா அச்சகத்தில் வெளியாகி, 1958இல்தான் அமெரிக்காவில் அச்சேறியது. ஒரு வரியைக்கூட மாற்றவிடாதவருக்கும், முழுப் புத்தகத்தையும் துணிந்து ஏற்றுக்கொள்ள ஒரு பதிப்பாளர் தேவைப்பட்டார்.

கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் அடிப்படையில் பத்திரிகைக்காரர். ஆகவே 1981இல் பீட்டர் ஸ்டோன் ஒலிப்பதிவுக் கருவியோடு மெக்சிகோ சிட்டிக்குப் போனபோது அந்தக் கருவியைப் பற்றியே பேச்சு தொடங்கியது. பதிவாகிறது என்று தெரிந்தவுடன் மனிதர் மாறிவிடுகிறார், உடனே தற்காப்பு வந்துவிடுகிறது, குறிப்பே எடுக்காமல் நெடுநேரம் பேசிவிட்டுப் பிறகு நினைவிலிருந்து எழுதுவதுதான் நல்ல முறை என்கிறார். பேட்டி எடுக்கிறவர்கள் எத்தனை பேர் இதை ஏற்பார்கள் என்பது ஐயம்தான். வழக்கறிஞர் நோட்டீஸ் வரும் காலம் இது.

ஆனால் அதே பேட்டியில் அவர் தந்த ஒரு எடுத்துக்காட்டு எழுதுகிற எல்லோருக்கும் பயன்படும். வானத்தில் யானைகள் பறக்கின்றன என்றால் யாரும் நம்பமாட்டார்கள், நானூற்று இருபத்தைந்து யானைகள் பறக்கின்றன என்றால் நம்பக்கூடும் என்றார். பத்திரிகைத் தொழிலில் கற்ற வித்தை அது. ஒரு பொய்த் தகவல் ஒரு செய்திக் கட்டுரையையே கெடுத்துவிடும், ஒரு மெய்த் தகவல் ஒரு நாவல் முழுவதையும் நம்பவைக்கும் என்ற அவருடைய கணக்கும் அதையொட்டியதே.

இனி மேடையின் மறுபக்கத்துக்கு வருவோம். நாற்பது ஆண்டுகள் எழுத்தாளர்களையே பேட்டி கண்ட அந்தப் பத்திரிகை, 1994இல் முதல் முறையாக ஒருவரை எடிட்டர் என்ற முறையில் பேசவைத்தது. ராபர்ட் காட்லீப். சைமன் அண்ட் ஷூஸ்டரில் தொடங்கி, 1968 முதல் நாஃப் பதிப்பகத்தில், இடையே 'நியூயார்க்கர்' பத்திரிகையில். பேட்டி கண்டவர் லாரிசா மெக்ஃபார்குவார். வழக்கமான கேள்வி பதில் வடிவத்தை அவர் விட்டுவிட்டார். காட்லீபிடம் புத்தகம் கொடுத்த ஜோசப் ஹெல்லர், டோரிஸ் லெஸ்ஸிங், ஜான் லெ காரே, டோனி மாரிசன், ராபர்ட் கேரோ முதலியோரைத் தனித்தனியே பேசவைத்து, ஒவ்வொருவர் சொன்னதையும் காட்லீப் சொன்னதோடு மாற்றி மாற்றிக் கோத்தார். ஒரே சம்பவம் இரண்டு வாயிலிருந்தும் வரும்.

ஹெல்லரின் முதல் நாவலுக்கு முதலில் 'கேட்ச் 18' என்று பெயர். 1961இல் அது வெளிவர இருந்த நேரத்தில் லியான் யூரிஸின் 'மிலா 18' என்ற நாவல் வருவதாகத் தெரிந்தது. யூரிஸ் அன்று பெரும்புள்ளி, ஹெல்லர் விளம்பரத் துறையில் வேலை பார்க்கும் புதியவர். பதினெட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பல எண்களைப் போட்டுப் பார்த்து இருபத்திரண்டில் வந்து நின்றார்கள். இன்று ஆங்கிலம் பேசும் உலகில் தப்பிக்க வழியில்லாத சிக்கலுக்கெல்லாம் 'கேட்ச் 22' என்பதே பெயர்.

அடுத்த நாவலான 'சம்திங் ஹேப்பண்ட்' பிரதியைப் படித்த காட்லீப் ஹெல்லரிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம், ஆனால் உங்கள் நாயகனுக்கு பில் என்ற பெயர் ஒட்டவில்லை, இவன் ஒரு பாப். ஹெல்லர் அவரையே பார்த்தார். முதலில் பாப் என்றுதான் வைத்திருந்தேன், உங்கள் பெயரும் பாப் ஆயிற்றே, வருத்தப்படுவீர்களோ என்று மாற்றிவிட்டேன் என்றார். பழைய பெயரே திரும்ப வந்தது. நானூறு பக்கத்துக்கு மேல் போகிற ஒரு பிரதியில், மறைத்து வைக்கப்பட்ட ஒரு பெயரை வாசிப்பின் வழியாகவே கண்டுபிடிக்கும் காது அது.

கேரோவின் கதை புனைவு அல்ல, ஆனால் எடிட்டர் வேலையின் எடையைக் காட்டுவது. நியூயார்க் நகரைக் கட்டியெழுப்பிய ராபர்ட் மோசஸ் பற்றிய அவருடைய 'தி பவர் புரோக்கர்' பிரதி பத்து லட்சம் சொற்களைத் தாண்டியிருந்தது. ஒரே தொகுதியாகப் பைண்டு செய்ய முடிகிற எல்லைக்குள் வர மூன்றரை லட்சம் சொற்களை வெட்டினார்கள். இரண்டு தொகுதியாகப் போடலாமே என்றால், ராபர்ட் மோசஸ் மேல் வாசகருக்கு ஒரு முறை ஆர்வம் வரவைக்கலாம், இரண்டு முறை முடியாது என்பது காட்லீபின் வாதம். 1974இல் வந்த அந்தப் புத்தகம் அரை நூற்றாண்டாக அச்சில் இருக்கிறது. இவ்வளவும் செய்தவர், எடிட்டர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றே கடைசிவரை சொன்னார். 2023 ஜூனில், தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தார்.

டோனி மாரிசன் இந்த இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவர். ரேண்டம் ஹவுஸில் எடிட்டராக இருந்து 1983இல் விலகினார். கேல் ஜோன்ஸ், டோனி கேட் பம்பாரா போன்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர்களை அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏஞ்சலா டேவிஸின் தன்வரலாறும் முகம்மது அலியின் தன்வரலாறும் அவர் கைவழியே வந்தவை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், பகலில் அலுவலகம். பிள்ளைகள் எழுவதற்கு முன்னால், விடிகாலை ஐந்து மணியையொட்டித் தமக்கென்று கிடைத்த நேரத்தில் நாவல் எழுதினார். 1993ஆம் ஆண்டுப் பேட்டியில் இதைச் சொல்கிறார், நோபல் பரிசும் அதே ஆண்டு.

1974இல் அவர் முன்னின்று கொண்டுவந்த 'தி பிளாக் புக்' கறுப்பின மக்களின் முந்நூறாண்டு வாழ்க்கையைப் படங்களாலும் விளம்பரங்களாலும் பத்திரிகைத் துணுக்குகளாலும் காட்டும் ஒரு தொகுப்பு. அதில் 1856ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று. தப்பியோடிய மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், பிடிபடும் நிலையில் தன் குழந்தை மறுபடி அடிமையாகக் கூடாது என்று தானே கொன்றுவிடுகிறார். எடிட்டர் மேஜைக்கு வந்த அந்தத் துணுக்கு எழுத்தாளரைவிட்டுப் போகவில்லை. 1987இல் 'பிலவட்' நாவலாக வந்தது.

அதே பேட்டியில் மாரிசன் எடிட்டர்களைப் பாவமன்னிப்பு வழங்கும் பாதிரியாருக்கும் மனநல மருத்துவருக்கும் ஒப்பிடுகிறார். தவறான ஆள் வாய்த்தால் ஆளே இல்லாமல் இருப்பது மேல் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பின்பாதிக்கும் ஒரு சாட்சி வேண்டும்.

சாட்சி ரேமண்ட் கார்வர். 1981இல் நாஃப் வெளியிட்ட அவருடைய இரண்டாவது பெரிய சிறுகதைத் தொகுப்பு, அமெரிக்கச் சிறுகதையின் நடையையே மாற்றியது. குட்டை வாக்கியங்கள், சொல்லாமல் விடுதல், திடீரென்று நின்றுபோகும் முடிவுகள். 1983இல் 'பாரிஸ் ரிவ்யூ' பேட்டியில் இதைப் பற்றி அவர் பேசுகிறார். அந்தக் கதைகளோடு முன்னெப்போதும் இல்லாத அளவு மல்லுக்கட்டியதாகவும், எலும்பையும் தாண்டி மஜ்ஜைவரை குறைத்ததாகவும், அந்தத் திசையில் இனி போக இடமில்லை என்று உணர்ந்ததாகவும் சொல்கிறார். படிக்கிறவருக்கு ஐயமே வராது. ஒரு கலைஞர், தன் பிரதி, தன் கத்தி.

கத்தியைப் பிடித்திருந்தவர் நாஃப் எடிட்டர் கார்டன் லிஷ். மொத்தத் தொகுப்பில் பாதிக்கும் மேல் வெட்டியிருந்தார், தலைப்புகளை மாற்றியிருந்தார், முடிவுகளைத் தாமே எழுதியிருந்தார். 1980 ஜூலை 8 அன்று கார்வர் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நண்பர்கள் இந்தக் கதைகளை முழு வடிவத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள், குடியிலிருந்து மீண்டு எழுதத் தொடங்கிய தனக்கு இந்தக் கதைகளே ஊன்று, தயவுசெய்து வெளியீட்டை நிறுத்துங்கள் என்று மன்றாடும் கடிதம். புத்தகம் நிற்கவில்லை. சில நாளில் கார்வரும் இறங்கிவந்துவிட்டார்.

ஒரு கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. பிறந்தநாளன்று பையன் கார் மோதி மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறான். கேக்கை யாரும் வாங்க வரவில்லை என்று கோபமான பேக்கரிக்காரர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைக்கிறார். லிஷ் வெட்டிய வடிவத்தில் பையன் பிழைத்தானா என்பதே தெரியாது. தொலைபேசி ஒலிக்கிறது, கதை முடிகிறது. கார்வரின் வடிவத்தில் பையன் இறந்துபோகிறான். பெற்றோர் நள்ளிரவில் பேக்கரிக்குப் போய்ச் சீறுகிறார்கள். விஷயம் தெரிந்த பேக்கரிக்காரர் மன்னிப்புக் கேட்டு, அவர்களை உட்காரவைத்து, சூடான ரொட்டியை எடுத்துக் கொடுக்கிறார். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலாவது 'தி பாத்', இரண்டாவது 'எ ஸ்மால், குட் திங்'. நீண்ட வடிவத்தை 1983இல் தம் அடுத்த தொகுப்பில் கார்வர் தாமே சேர்த்துக்கொண்டார்.

லிஷ்ஷின் வெட்டு எல்லா இடத்திலும் தவறா என்று கேட்டால், இல்லை. சில கதைகள் அவர் கையால் கூர்மை பெற்றன, கார்வரின் புகழும் அந்த நடையிலிருந்தே தொடங்கியது. தவறு இன்னோரிடத்தில் இருக்கிறது. எழுதியவர் வேண்டாம் என்ற பிறகும் வெட்டு நிற்கவில்லை. காட்லீபும் மூன்றரை லட்சம் சொற்களை வெட்டினார், ஆனால் கேரோவை எதிரே உட்காரவைத்து, வரிக்கு வரி சண்டை போட்டு. எடிட்டரின் தரத்தை அளக்க வெட்டிய பக்கங்களை எண்ணிப் பயனில்லை. கடைசிச் சொல் யாருடையது என்று பார்க்க வேண்டும்.

இந்த உண்மை எப்படி வெளியே வந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். கார்வர் 1988இல் இறந்துவிட்டார். லிஷ்ஷின் காகிதங்களை இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகம் வாங்கி வைத்திருந்தது. அங்கே போய் அடித்தல் திருத்தல்களைப் பார்த்து டி.டி. மேக்ஸ் என்ற பத்திரிகையாளர் 1998இல் எழுதினார். கடிதங்களை 2007இல் 'நியூயார்க்கர்' வெளியிட்டது. வெட்டப்படாத தொகுப்பு 2009இல் 'பிகினர்ஸ்' என்ற பெயரில் வந்தது. பேட்டி சொல்லாததைப் பிரதி சொன்னது. ஹெமிங்வே சொன்ன முப்பத்தொன்பதை நாற்பத்தேழாகத் திருத்தியதும் பிரதிதான்.

தமிழிலும் நல்ல பேட்டிகளுக்குப் பஞ்சமில்லை. கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த 'சுபமங்களா' 1990களின் முற்பாதியில் எழுத்தாளர்களின் நீண்ட நேர்காணல்களை இதழ்தோறும் போட்டு ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியது. எடிட்டர்களும் இருந்தார்கள். 'க்ரியா' எஸ். ராமகிருஷ்ணன் 1974இல் பதிப்பகம் தொடங்கி 2020இல் மறையும்வரை செம்மையாக்கத்தை ஒரு பிடிவாதமாகவே வைத்திருந்தார். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்', இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' ஆகியவை அந்தப் பதிப்பகத்திலிருந்து வந்தவை. புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தபோது, பத்திரிகையில் வந்த வடிவத்தையும் நூலில் வந்த வடிவத்தையும் ஒப்பிட்டுப் பாடபேதம் காட்டினார். இப்படி எண்ணிச் சொல்லக்கூடிய அளவில்தான் நம்மிடம் இவை இருக்கின்றன.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பேட்டி எடுக்கும் பத்திரிகைகள், எழுத்தாளரிடம் விருதையும் அரசியலையும் கேட்ட பிறகு, இந்தப் பிரதியை அச்சுக்கு முன் யார் படித்தார்கள், என்ன மாற்றச் சொன்னார்கள், எதற்கு நீங்கள் மறுத்தீர்கள் என்றும் கேளுங்கள். பதிப்பாளர்கள், செம்மையாக்கம் செய்தவருக்கு உரிய ஊதியம் கொடுத்து, புத்தகத்தின் முதல் பக்கங்களில் அவர் பெயரையும் போடுங்கள். எழுத்தாளர்கள், புத்தகம் வந்ததும் அடித்துத் திருத்திய தாள்களைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள், கணினியில் பழைய வடிவத்தை அழித்துவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.